கூலி போதுமா? சரக்கும் நமதாக வேண்டாமா?

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே செல்வோர் வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் கடந்து சிங்கப்பெருமாள் கோவிலை அடைவர். பல்லவர் காலத்தில் குன்றைக் குடைந்து அமைத்த நரசிம்மர் கோவில் ஒருபுறம். ஒரகடம் வழியே திருப்பெரும்புதூர் செல்லும் சாலையில் இரவு பகலாக ஓடும் கன்டெய்னர் லாரிகள் மறுபுறம். ஏர் நடந்த கழனியிலே இன்று எந்திரம் நடக்கிறது. வேலை வந்தது, ஊதியம் வந்தது, மறுப்பார் யார்?

ஆனால் ஒன்று கேட்போம். அங்கே உருவாகும் சரக்கின் பெயர் யாருடையது? வடிவம் யாருடையது? மறைமலை நகரில் மோட்டார் கார் செய்த ஃபோர்டு நிறுவனம், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தது. 2022-இல் இங்கே எந்திரங்கள் ஓய்ந்தன. முடிவு எடுத்தது அமெரிக்காவில்; அடுப்பு அணைந்துவிடுமோ என்ற அச்சம் நம் தொழிலாளி வீட்டில்! 2024-இல் திரும்பி வரும் எண்ணத்தை அந்நிறுவனம் தெரிவித்தது. வரட்டும், வரவேற்போம். ஆனால் வருவதும் போவதும் அவர்கள் விருப்பம் என்ற நிலை மாறவில்லையே!

அதே சாலையில், கூடுவாஞ்சேரி அருகே, வேறொரு வரலாறு நிற்கிறது. அதன் பெயர் ஜோஹோ.

வணிகக் கணக்குக்குக் கணிப்பொறியைப் பயன்படுத்தும் எண்ணம் புதிதன்று. லண்டனில் தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் என்ற நிறுவனம் 'லியோ' என்ற கணிப்பொறியைத் தானே கட்டி, 1951-இல் ரொட்டிக் கணக்கை அதில் போட்டது. தேநீர் விற்றவர்கள் செய்து காட்டினர்! இந்தியாவிலோ, நெல்லைச் சீமையில் பிறந்த ஷிவ் நாடாரும் நண்பர்களும் 1976-இல் எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கினர். அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு இணங்க மறுத்து ஐ.பி.எம். 1978-இல் வெளியேறியது, உள்நாட்டார்க்கு வழி பிறந்தது. ஆயினும் பின்னாளில் நம் மென்பொருள் துறை பெரிதும் எதில் புகழ் பெற்றது? பிறர் கணக்கை மணிக்கூலிக்கு எழுதிக் கொடுப்பதில்!

அந்தப் பாதையில் செல்லாதவர்கள் சிலர். 1996-இல் ஸ்ரீதர் வேம்புவும் அவருடைய உடன்பிறந்தாரும் நண்பர் டோனி தாமசும் கூடி அட்வென்ட்நெட் என்ற நிறுவனத்தை ஏற்படுத்தினர். தொலைத்தொடர்புக் கருவிகளைக் கண்காணித்து நிர்வகிக்கும் மென்பொருளே முதற் சரக்கு. கருவி செய்யும் நிறுவனங்களே வாடிக்கையாளர்.

2000, 2001-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சந்தை சரிந்தது. வாங்கியவர்கள் பலர் வீழ்ந்தனர். வெளியார் முதலீட்டில் வளர்ந்த நிறுவனமாக இருந்தால், முதல் போட்டவன் ஓலை அனுப்பியிருப்பான்: "ஆளைக் குறை, கடையைக் கட்டு!" இவர்களிடமோ அத்தகைய முதலாளி இல்லை. சொந்த வருவாயில் நின்றவர்கள், சொந்த முடிவை எடுத்தனர். அலுவலகங்களின் கணிப்பொறிகளைப் பராமரிக்க மேனேஜ் எஞ்சின் பிறந்தது. 2005-இல் ஜோஹோ என்ற பெயரில் எழுதுவதற்கும், வாடிக்கையாளர் விவரம் பேணுவதற்கும் இணையவழி மென்பொருள்கள் வந்தன. பெரும் விலை கொடுத்து வாங்க இயலாத சிறு வணிகரும் மாத வாடகை செலுத்திப் பயன்படுத்தலாம். பிள்ளை பெற்ற புகழைத் தாய் ஏற்றதுபோல், 2009-இல் நிறுவனமே ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

பட்டம் இல்லாவிட்டால் படியேற முடியாது என்போர்க்கும் விடை அங்கே உண்டு. 2004-இல் தொடங்கிய அதன் பள்ளியில் பள்ளிப்படிப்பு முடித்தோரும் டிப்ளமோ படித்தோரும் கட்டணமின்றி, உதவித்தொகையுடன் பயிற்சி பெற்று வேலையில் அமர்கின்றனர். தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் நடக்கிறது. கிராமத்தான் கையால் ஆகாது என்ற கதை அங்கே பொய்த்துப்போனது.

இதனைத் தனி ஒருவரின் சாதனை என்று மட்டும் பாடிவிடலாமா? வேம்பு தமிழ்வழியில் பயின்றவர், சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்று, பிரின்ஸ்டனில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். அந்த ஐ.ஐ.டி. யார் பணத்தில் நடக்கிறது? ஏழையின் வரிப்பணமும் அதில் உண்டு. முயற்சி அவருடையது, மண் நம்முடையது. ஜோஹோ தனியார் நிறுவனமே. அங்கும் முடிவு சிலர் கையில்தான். பாராட்டுவோம், கண்மூடிப் பாராட்டோம்.

"எல்லாரும் ஜோஹோ ஆக முடியுமா?" என்பர் சிலர். முடியாது. தொழிற்சாலையும் வேண்டும், கூலியும் வேண்டும். ஆனால் கூலியோடு நின்றுவிடலாமா என்பதே நம் கேள்வி.

ஆகவே நாம் வேண்டுவது மூன்று. ஒன்று, தொழிற்பேட்டைக்கு நிலம் தந்த ஊர்களின் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்க்கு, எந்திரத்தை ஓட்டுவதோடு வடிவமைக்கவும் பயிற்சி தருக. இரண்டு, ஒரகடத்தில் உதிரிப்பாகம் செய்யும் சிறு பட்டறைகள் சொந்தச் சரக்கை உருவாக்க முன்வந்தால், கடன் தந்து கைதூக்கி விடுக. மூன்று, தரத்திலும் விலையிலும் ஒத்திருந்தால், இங்கே உருவான பொருளை அரசு அலுவலகங்கள் முதலில் வாங்குக.

நிலம் கொடுத்தோம். உழைப்பைக் கொடுக்கிறோம். சரக்கின் மீது நம் பெயரும் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையன்று, உரிமை!