சம்பளம் வரட்டும்... ஆளும் பத்திரமாக வரட்டும்!

வேலைக்குப் போகிறவர் ஒருவர். அந்த வேலைக்காக அலாரம் வைத்துக்கொண்டு எழுந்திருப்பவர் இன்னொருவர். இதை எந்தக் கம்பெனியும் சம்பளப் பட்டியலில் எழுதுவதில்லை! காலை ஷிப்ட் என்றால் நாலு மணிக்கே அடுப்பைப் பற்ற வைத்தாக வேண்டும். இரவு ஷிப்ட் என்றால் பகல் முழுக்கக் குழந்தைகளை, "உஷ்... அப்பா தூங்கறார்" என்று அடக்கி வைக்க வேண்டும். குக்கர் விசில் அடித்தால்கூட மனசு பதறும்.

தண்டலம் பக்கத்துச் சகோதரிகளுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். பூந்தமல்லியையும் செம்பரம்பாக்கம் ஏரியையும் தாண்டி, சென்னை–பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற ஊர். கொஞ்ச தூரம் போனால் இருங்காட்டுக்கோட்டை, அப்புறம் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். தெற்கே திரும்பினால் வல்லம் வடகால், ஒரகடம். கார், கண்ணாடி, டயர், செல்போன், வாஷிங்மெஷின்... இந்தப் பக்கம் செய்யாத சாமான் இல்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளியே வந்தது முதல், இங்கே குடும்பங்களின் கடிகாரமே மாறிப் போய்விட்டது. ஆடி, தை என்று கணக்குப் பார்த்த வீடுகளில் இப்போது ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்றுதான் கணக்கு.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சோறு போடுகிற கம்பெனிக்கு விசுவாசமாக இரு என்று பிள்ளைக்கும் புருஷனுக்கும் சொல்லத் தயங்கமாட்டோம். நல்லதுதான். ஆனால் அந்த உப்பு எந்தப் பக்கம் போகிறது என்றும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் தொழிற்சாலை தொடங்கியது. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள் யூனிபாரம் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினார்கள். வீட்டுக்கு முதல் சம்பளம் மகள் கையால் வந்தது எத்தனையோ குடும்பங்களில்! ஒரு சமயம் நேரடி வேலையில் மட்டும் சுமார் 8,000 பேர் இருந்தார்கள். பிறகு வருமான வரி வழக்கு. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டபோது இந்தத் தொழிற்சாலை அதில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றுபோனது. தலைநரைத்தவர்கள் வாங்கிக்கொண்டு போகும் 'வி.ஆர்.எஸ்.'ஸை இருபத்தைந்து வயதுப் பெண்கள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பெண்கள் விசுவாசத்தில் என்ன குறை வைத்தார்கள், சொல்லுங்கள்?

இன்னொன்று, உங்கள் சமையலறைக்கே சம்பந்தப்பட்டது. சுங்குவார்சத்திரத்தில் ஃபிரிஜ்ஜும் வாஷிங்மெஷினும் டி.வி.யும் செய்கிற சாம்சங் தொழிற்சாலையில் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை, 37 நாள், தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு ஒரு கோரிக்கை. தங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது முக்கியமான கோரிக்கை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. வேலைநிறுத்தம் என்றாலே 'சோம்பேறித்தனம்' என்று சொல்கிறவர்கள் உண்டு. 37 நாள் மளிகைக் கடையில் கடன் சொல்லிக் குடும்பம் நடத்தியவளைக் கேட்டுவிட்டு அப்புறம் அவர்கள் பேசட்டும்! மாமியார்–மருமகள் மாதிரிதான் இதுவும். ஒரு பக்கமே பொறுத்துப் போனால் எத்தனை நாள் ஓடும்?

சரி, தொழிலாளி பக்கத்திலும் ஒன்று சொல்லியாக வேண்டும். 'கம்பெனி சாமான்' என்று ஒரு ஸ்பானர், ஒரு டப்பா தின்னர், ஒரு சுருள் வயர் வீட்டுக்கு வருகிறது. நாமும், "பரவாயில்லை, உபயோகமாக இருக்கே" என்று பரண்மேல் வைக்கிறோம். பள்ளிக்கூடத்தில் அடுத்தவன் ரப்பரை எடுத்து வந்த பையனை அடிக்கிறோம். பரண்மேல் இருப்பதை அவன் பார்க்காமலா இருக்கிறான்? பெரிய அளவில் இதற்கு வேறு பெயர். தொழிற்சாலைக் கழிவு இரும்பை எடுக்கும் 'ஸ்கிராப்' காண்டிராக்டுக்காக மாமூல், மிரட்டல், வெட்டுக்குத்து என்று காஞ்சிபுரம் ஜில்லாவில் எத்தனை செய்திகள் படித்திருக்கிறோம்! அந்தக் கூட்டத்தில் 'எடுபிடி'யாகச் சேர்கிறவர்கள் வேற்று தேசத்திலிருந்து வருவதில்லை. வேலை கிடைக்காத, அல்லது காண்டிராக்ட் வேலை ஆறு மாசத்தில் போய்விட்ட உள்ளூர்ப் பையன்கள்தான்.

இப்போது ரோட்டுக்கு வருவோம். எனக்கு ரொம்பக் கவலை தருவது அதுதான்.

2022-ஆம் வருஷம் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். நாளைக்குச் சராசரி 49 வீடுகளில் எடுத்துவைத்த சாப்பாடு அப்படியே இருந்திருக்கிறது.

நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவே மோட்டார் சைக்கிளில் போகிறவர் ஓவர்டைம் பார்த்துவிட்டு வருகிறவர் என்றால், அவர் கண் பாதி மூடித்தான் இருக்கும். பதினேழு, பதினெட்டு மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கையும் கண்ணும், சிறிது குடித்திருப்பவரைப் போலவே மந்தமாகிவிடுகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். குடிக்காத நல்ல மனுஷர்தான். ஆனாலும் தூக்கத்துக்கு அது தெரியுமா? இரவு இரண்டு மணியிலிருந்து விடியற்காலை ஐந்து வரைக்கும், பகலில் சாப்பாட்டுக்கு அப்புறமும் தூக்கம் ஆளை அமுக்கும் நேரம். ஷிப்ட் முடிந்ததும் கான்டீனில் ஒரு காபி குடித்து, கால் மணி நேரம் தலையைச் சாய்த்துவிட்டு வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். கம்பெனி பஸ் இருந்தால் இன்னும் உத்தமம். 'பஸ் சுத்திக்கிட்டு வரும், வண்டியில சீக்கிரம் வந்துடுவேன்' என்பார்கள். சீக்கிரம் வந்து என்ன செய்யப் போகிறார், செல்போனைத் தானே பார்க்கப் போகிறார்!

ஓவர்டைம் விஷயத்தில் நம் பங்கும் கொஞ்சம் உண்டு. "இன்னும் நாலு டபுள் ஷிப்ட் பார்த்தால் ஃபிரிஜ் தவணை முடிந்துவிடும்" என்று கணக்குப் போடுவது யார்? 2023 ஏப்ரல் 21-ல், தினம் 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பவே, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். சட்டசபையில் வாபஸ் வாங்கிய 12 மணி நேரத்தை நாம் வீட்டில் தவணைக் கார்டு மூலம் திரும்பக் கொண்டுவரலாமா?

ஒரு வழக்கைச் சொல்கிறேன்; மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலை வாட்ச்மேன். டியூட்டி விடியற்காலை மூன்று மணிக்கு. 2003 ஏப்ரல் 22-ஆம் தேதி மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கையில் விபத்தில் இறந்துபோனார். மனைவி, நாலு குழந்தைகள், வயசான அம்மா. நஷ்ட ஈடு என்று 3,26,140 ரூபாயும் வட்டியும் 2009-ல் தீர்ப்பாயிற்று. 2011-ல் ஹைகோர்ட், 'வேலை செய்யும்போது சாகவில்லையே, ரோட்டில்தானே' என்று அதை ரத்து செய்தது. அந்த அம்மாள் விடவில்லை. 2025 ஜூலை 29-ல் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நேரம், இடம், சந்தர்ப்பம் இவற்றால் வேலைக்கும் அந்தப் பயணத்துக்கும் தொடர்பு இருந்தால், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும் வேலையில் நேர்ந்த விபத்துதான் என்றது. விபத்து நடந்து 22 வருஷம் கழித்து!

இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு இந்தப் பாதுகாப்பை 2010-லேயே சட்டத்தில் சேர்த்திருந்தார்கள். 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இது இருக்கிறது. ஆனால் எத்தனை மனைவிமாருக்குத் தெரியும்? 'ரோட்டில் போனார், விதி' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேரோ!

குழந்தையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா ஹெல்மெட், அம்மா வெறுந்தலை, பெட்ரோல் டாங்க் மேல் மூத்தது, மடியில் கைக்குழந்தை. பார்த்தால் அழகான குடும்பம். ரோட்டில் பார்த்தால் வயிறு கலங்குகிறது. பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாசம் முதல் நாலு வயசுக்குள் இருக்கும் குழந்தைக்கு அளவான ஹெல்மெட், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை, வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று 2023 பிப்ரவரி முதல் மத்திய அரசின் விதி அமலில் இருக்கிறது. கடையில் குழந்தை ஹெல்மெட் கேட்டால், "அதெல்லாம் யாரும்மா வாங்கறாங்க" என்பார்கள். கேட்கிறவர் அதிகமானால் தானாக வரவழைப்பார்கள். ஒன்பது மாசம் ஆகாத பிஞ்சை இரண்டு சக்கர வண்டியில் கூட்டிப் போகாமலே இருப்பது நல்லது. அப்புறம் நம் புடவைத் தலைப்பும் துப்பட்டாவும்! வண்டியின் பின் சக்கரத்துக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். 'பார்க்க நல்லா இல்லை' என்று தம்பிமார் கழற்றி வைத்துவிடுகிறார்கள். மாட்டச் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

கண் முன்னால் விபத்து நடந்தால் 108-க்குச் சொல்லுங்கள். 'போலீஸ், கோர்ட் என்று அலையணுமே' என்ற பழைய பயம் வேண்டாம். உதவி செய்தவரைப் பெயர் விலாசம் சொல்லும்படி கட்டாயப்படுத்தக்கூடாது. அடிபட்டவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தூக்கி உட்கார வைக்காதீர்கள். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடித்தால் போதும். 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக்கூடாது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இது உண்டு.

அதே டிசம்பர் 18 காலையில், இந்த நெடுஞ்சாலை வேறொரு காட்சியையும் பார்த்தது. பூந்தமல்லி அருகே ஹாஸ்டலில் தங்கி, ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன் செய்யும் பெண்கள், முதல் நாள் இரவிலிருந்தே ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஹாஸ்டல் சாப்பாட்டில் விஷத்தன்மை. 159 பேர் ஆஸ்பத்திரியில். தோழிகள் சிலர் எங்கே என்று தெரியவில்லை. யாரும் பதில் சொல்லவில்லை. இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி காட்டுத்தீயாகப் பரவியது. அது பொய் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த இரவில் ஊரில் இருந்த தாய்மார் நிலையை நினைத்துப் பாருங்கள்! தங்குமிடமும் சாப்பாட்டுக்கூடமும் சரியில்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. தொழிற்சாலை 2022 ஜனவரி 12-ல்தான் திரும்பத் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது. என்னைக் கேட்டால், கெட்டுப்போன சாப்பாட்டைப் போடுவதும் ஒரு குற்றம்தான். கத்தி எடுத்தவனை மட்டும் குற்றவாளி என்கிறோம்.

கத்தி எடுத்தவர்களையும் மறக்கவில்லை. சிறுசேரியில் 2014 பிப்ரவரி 13 இரவு வேலை முடித்துக் கிளம்பிய இளம் இன்ஜினீயர் பெண் வீடு போய்ச் சேரவில்லை. ஒன்பது நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது, ஆபீஸுக்குப் பக்கத்துப் புதரில். ஆயிரக்கணக்கானவர் வேலை செய்யும் இடம், விளக்கில்லாத வழி. பெண்கள் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கக் கூடாது என்றிருந்த தடையை 2000-ல் சென்னை ஹைகோர்ட் நீக்கியபோதே, பத்துப் பேருக்குக் குறையாத குழுவாக இருக்க வேண்டும், வாகன வசதி வேண்டும், வாசலில் பெண் காவலர்கள் வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. மகளை வேலைக்கு அனுப்பும்போது சம்பளம் எவ்வளவு என்று விசாரிக்கிறோம். பஸ் வாசல்வரை வருமா, மெயின் ரோட்டில் இறக்கிவிடுமா என்று யார் விசாரிக்கிறோம்? பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொந்தரவு பற்றிப் புகார் கேட்கும் குழு இருந்தே ஆக வேண்டும் என்பது 2013-ன் சட்டம். புகார் கொடுக்க மூன்று மாசம் அவகாசம். "வெளியே சொன்னா நம்ம பேருதான் கெடும்" என்று அவள் வாயை மூடுவது பெரும்பாலும் நாம்தான்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீட்டு ஆள், மகள், மகன் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இ.எஸ்.ஐ. எண், கம்பெனி அடையாள எண், காண்டிராக்ட் என்றால் காண்டிராக்டர் பெயரும் போன் நம்பரும், பஸ் ரூட், உடன் வேலை செய்பவர் இருவரின் நம்பர், ரத்த வகை. வாரா வாரம் ஷிப்ட் நேரம். விபத்துக்கு நஷ்ட ஈடு கேட்கும்போது 'அன்றைக்கு அவர் வேலைக்குத்தான் கிளம்பினார்' என்று காட்ட அந்த ஒரு வரி உதவக்கூடும். காண்டிராக்டர் மாறினால் மறக்காமல் அடித்துத் திருத்துங்கள். செல்போனில் இருக்கிறதே என்பீர்கள். செல்போன் அவரோடு ரோட்டில் போய்விடும். நோட்டு பால் கணக்கோடு வீட்டிலேயே இருக்கும்.