மர்ஹூமின் சொத்து: பங்கிடத் தாமதம் ஏன்?

மௌத்தானவர் விட்டுச் செல்பவை இரண்டு. ஒன்று நற்பெயர்; மற்றொன்று சொத்து. நற்பெயரைப் பங்கிட வேண்டியதில்லை. அது வாரிசுகள் எல்லோருக்கும் முழுதாகவே கிடைத்துவிடும். சொத்து அப்படியன்று. உரிய காலத்தில் உரியவர் கையில் சேர்க்கப்படாவிட்டால், அதுவே இரத்த உறவை அறுக்கும் கத்தியாகிவிடும்.

அம்பத்தூரைப் பாருங்கள். டி.ஐ. சைக்கிள், டன்லப் போன்ற ஆலைகளையும், 1960களில் எழுந்த தொழிற்பேட்டையையும் நம்பி வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். சிறுகச் சிறுகச் சேமித்துப் பாடியிலும் கொரட்டூரிலும் மேனாம்பேட்டிலும் வாங்கிய மனைகள் இன்று பல இலட்சம் பெறுகின்றன. வாங்கியவர் மறைந்துவிடுகிறார், பட்டாவோ அவர் பெயரிலேயே கிடக்கிறது. ஒரு மகன் கீழ்த்தளத்தில், இன்னொரு மகன் மாடியில். பெண்மக்கள் புகுந்த வீட்டில். 'தாயார் இருக்கும்வரை அந்தப் பேச்சு வேண்டாம்' என்று எல்லோரும் நாகரிகமாக மௌனம் காக்கின்றனர். இந்த மௌனம் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

புரோபேட் என்னும் அச்சம்

தாமதத்திற்குச் சொல்லப்படும் முதற்காரணம், 'கோர்ட்டில் புரோபேட் வாங்க வேண்டுமே' என்பது. உயிலை மெய்யென நீதிமன்றம் ஏற்றுச் சான்றளிப்பதே புரோபேட். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் சென்னை போன்ற நகரங்களில் இந்துக்களின் உயில்களுக்கு இதைக் கட்டாயமாக்கியபோதே, முஸ்லிம்களின் உயில்களுக்கு 213ஆம் பிரிவிலேயே விலக்களித்துவிட்டது. உயில் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்துக்கும் நீதிமன்றத்தின் நிர்வாக அதிகாரப் பத்திரம் கட்டாயமில்லை என்பதை 212ஆம் பிரிவு கூறுகிறது.

அப்படியானால் எந்தச் சட்டம் நம்மை ஆள்கிறது? 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டமே. முதலில் விவசாய நிலம் அதற்கு வெளியே விடப்பட்டிருந்தது. 1949இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த திருத்தத்தினால், நம் பகுதியில் விளைநிலமும் ஷரீஅத் முறைப்படியே பங்காகிறது. நன்செய் புன்செய்யில் பெண்ணுக்குப் பங்கில்லை என்று இனி எவரும் சொல்வதற்கில்லை.

நான்கு படிகள்

சூரா அன்னிஸாவின் 11, 12ஆம் வசனங்கள் பங்குகளை வரையறுக்கின்றன. ஆனால் பங்கு என்பது நான்காவது படி. முதலாவது, ஜனாஸாச் செலவு. இரண்டாவது, மர்ஹூமின் கடன். மனைவிக்குக் கொடுபடாத மஹரும் கடனே; அதை அவருடைய பங்கில் கழித்துக்கொள்ளலாகாது. மூன்றாவது, வஸிய்யத், மீதமுள்ளதில் மூன்றிலொரு பாகத்திற்கு மிகாமல். வாரிசுதாரர் ஒருவருக்கு வஸிய்யத் செய்திருந்தால் மற்ற வாரிசுகள் இசைந்தாலன்றி அது செல்லாது. இம்மூன்றும் முடிந்த பிறகே பங்கு.

ஓர் உதாரணம் காண்போம். சொத்து மதிப்பு 80 இலட்சம் ரூபாய். செலவும் கடனும் மஹரும் போக மீதம் 72 இலட்சம். வஸிய்யத் இல்லை. மனைவி, தாயார், இரு ஆண்மக்கள், இரு பெண்மக்கள் உள்ளனர். மனைவிக்கு எட்டிலொன்று, 9 இலட்சம். தாயாருக்கு ஆறிலொன்று, 12 இலட்சம். எஞ்சிய 51 இலட்சத்தில் மகன் ஒவ்வொருவருக்கும் 17 இலட்சம். மகள் ஒவ்வொருவருக்கும் எட்டரை இலட்சம்.

தந்தைக்கு முன்பே ஒரு மகன் இறந்திருந்தால், மற்ற ஆண்மக்கள் இருக்கும் நிலையில் அவனுடைய பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் பங்கு வராது. அந்த அநாதைகளுக்கு உதவும் வழியே வஸிய்யத். உயிரோடிருக்கும்போதே எழுதிச் சாட்சிகளிடம் கையொப்பம் பெறுவது பாட்டனாரின் கடமை. வாய்மொழி வஸிய்யத்தும் ஷரீஅத்தில் செல்லும். ஆயினும் வழக்கென்று வந்தால் அதை மெய்ப்பிப்பது மலையைப் பெயர்ப்பது போலாகும்.

அலுவலகங்களில் ஆக வேண்டியவை

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவுசெய்து சான்றிதழ் பெற வேண்டும். அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து அதன் ஏழாவது மண்டலமாயிற்று. ஆகவே சொத்துவரிப் பெயர் மாற்றத்திற்கும் அம்மண்டல அலுவலகமே. ஆவடி வாசிகளுக்கு 2019இல் அமைந்த ஆவடி மாநகராட்சி.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், விசாரணைக்குப் பின் வட்டாட்சியர் வழங்குவார். பழைய பத்திரங்களில் செங்கல்பட்டு மாவட்டம் என்றிருக்கலாம். 1997க்குப் பிந்தியவற்றில் திருவள்ளூர் மாவட்டம் என்றிருக்கலாம். 2018இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ளன. மாவட்டப் பெயர் மாறியதால் உரிமை மாறிவிடவில்லை.

இச்சான்றிதழ் வாரிசுகள் யார் என்று சொல்லுமேயன்றி, யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. விண்ணப்பத்தில் மனைவி மக்களை மட்டும் எழுதிவிட்டு, மர்ஹூமின் தாயார் உயிரோடிருந்தும் அவர் பெயரை விட்டுவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மேற்கண்ட கணக்கில் அது 12 இலட்சத்தை மறைப்பதாகும்.

மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றுடன் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளரிடம் பதிந்து, பட்டாவையும் மாற்றிக்கொள்ளலாம். குடும்பத்தினருக்குள் எழுதப்படும் இத்தகைய பத்திரங்களின் முத்திரைத் தீர்வைக்குத் தமிழக அரசு உச்சவரம்பு வைத்துள்ளது. அது 2023 ஜூலையில் 25,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பல இலட்சம் பெறும் சொத்துக்கு இது தாங்க முடியாத செலவன்று.

வங்கிப் பணம் பற்றியும் ஒரு சொல். நாமினியாகப் பெயர் உள்ளவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வாரிசுகள் அனைவருக்காகவும் பெறப்பட்ட அமானிதம் அது. வாரிசு பற்றித் தகராறு எழுந்து வங்கி மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று கோர வேண்டும். இது வட்டாட்சியர் தரும் சான்றிதழன்று. கடன் தொகை, வைப்புத்தொகை, பங்குப் பத்திரம் போன்றவற்றுக்கு மட்டுமே உரியது. வீடு மனைக்கு ஆகாது.

வாரிசுகளில் சிறுவர் இருப்பின் மிகுந்த கவனம் தேவை. சிறுவரின் அசையாச் சொத்தை விற்கத் தாய்க்குத் தானாக அதிகாரமில்லை என்று 1918இலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்ற அனுமதி பெற்றே விற்க முடியும். அவசரப்பட்டு விற்ற சொத்து பின்னாளில் வழக்காகித் திரும்பி வரும்.

கையெழுத்துக்கு முன்

இத்தாவில் இருக்கும் விதவை நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கிறார். துக்கம் ஆறவில்லை. அந்நேரத்தில் நெருங்கிய உறவினர் ஒருவர் காகிதக் கட்டோடு வருகிறார். 'இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்' என்கிறார். அது பொது அதிகாரப் பத்திரமாக இருக்கலாம்; விடுதலைப் பத்திரமாகவும் இருக்கலாம். படித்துக் காட்டப்படாத எந்தக் காகிதத்திலும் கையெழுத்திட வேண்டாம். கேட்பவர் நல்லவராயின் இத்தா முடியும்வரை காத்திருப்பார்.

பெண்மக்களிடம் சொல்லப்படுவது வேறு. 'உன் நிக்காஹ்வுக்கு அத்தா முப்பது பவுன் போட்டாரே, இனி என்ன பங்கு?' தந்தை மகிழ்ந்து கொடுத்தது அன்பளிப்பு. அவர் மௌத்துக்குப் பின் வருவது உரிமை. தந்தை உயிரோடிருக்கும்போது 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்று மகள் எழுதிக் கொடுத்தாலும், பிறவாத உரிமையை விட்டுக்கொடுப்பதாகையால் அவ்வெழுத்து தானாகச் செல்லுபடியாகாது. எனினும், அதற்கு ஈடாகப் பொருள் பெற்றுக்கொண்டு, பிறரையும் நம்பச் செய்தவர் பின்னர் உரிமை கோர முடியாத நிலை வரலாம் என்று 1973இலும் 2011இலும் உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது. எனவே அத்தகைய எழுத்தைக் கேட்பதும் தவறு, கொடுப்பதும் ஆபத்து. பங்கு கைக்கு வந்தபின் சகோதரனுக்கு அவள் மனமுவந்து கொடுத்தால் அது வேறு.

பிள்ளையில்லாத விதவையின் நிலை இன்னும் இக்கட்டானது. அவருக்குரியது நான்கிலொன்று. மர்ஹூம் தம் வாழ்நாளிலேயே சொத்தை விற்க ஒப்பந்தம் செய்திருந்தார் எனச் சகோதரர் வாதிட்ட வழக்கொன்றில், வெறும் ஒப்பந்தத்தால் உரிமை மாறாது, முழுச் சொத்திலும் மனைவிக்குக் கால் பங்கு உண்டு என 2025இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒரு மௌத்து இரண்டாகுமுன்

தாமதம் சொத்தைக் காப்பாற்றுவதில்லை, சிக்கலாக்குகிறது. நம் உதாரணத்தில் பங்கிடுமுன் மர்ஹூமின் தாயார் மறைந்துவிட்டால், அவருடைய 12 இலட்சம் அவருடைய வாரிசுகளுக்குச் சேரும். அவருக்கு வேறு ஆண்மக்கள் இருந்தால் அவர்களும் அவர்தம் சகோதரிகளும் அந்த வீட்டில் பங்காளிகள் ஆவர். ஆறு பேர் அமர்ந்து பேசித் தீர்த்திருக்கக்கூடியது பதினைந்து பேரின் கையெழுத்தை எதிர்நோக்கும். ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் பேச்சுவார்த்தையில்லை, ஒருவர் இன்னும் சிறுவர்.

ஆகவே, இத்தா முடிந்த கையோடு குடும்பத்தார் ஒரு நாள் கூடட்டும். பெண்களும் அந்தச் சபையில் இருக்கட்டும். பராயிள் கணக்கறிந்த ஆலிம் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் அழைத்து, கடன் முதல் கடைசிப் பங்குவரை ஒரே தாளில் எழுதட்டும். வீட்டைத் துண்டாட முடியாவிட்டால், குடியிருக்கும் மகன் சகோதரிகளின் பங்கை இன்றைய விலைக்குக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளட்டும். தவணையாயினும் தவறில்லை, தவணையும் பத்திரத்தில் ஏறட்டும்.

கபனுக்கு நாம் காட்டும் அவசரத்தில் பாதியையேனும் கடனுக்கும் பங்குக்கும் காட்டுவோமாக! மர்ஹூமுக்குப் பிள்ளைகள் செய்யும் துஆவோடு, அவர் விட்டுச் சென்ற அமானிதம் உரியவரைச் சேர்வதும் அவருக்கு நாம் செய்யும் நன்மையே.