கோச்சா, எதிர்வீட்டு அண்ணனா?

கோடை விடுமுறை விட்டதும் சென்னை அபார்ட்மென்ட் குளங்களில் நீச்சல் பேட்ச் தொடங்கிவிடும். கற்றுக்கொடுப்பவர் பல இடங்களில் பிளஸ் டூ முடித்த பையன்தான். அவனிடம் ஆறு வயதுக் குழந்தையை விடலாமா, கூடுதல் பணம் கொடுத்துப் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் டிப்ளோமா முடித்த கோச்சைத் தேடுவதா?

கிணற்றில் பழகிய தலைமுறைக்கு இந்தக் குழப்பம் இல்லை. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிட்டது பெரும்பாலும் மாமன் மகனோ சித்தப்பா பையனோதான். தண்ணீரைக் கண்டு தாங்கள் பயந்தது அந்த வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. படிக்கட்டுக் கம்பியை விடாமல் அழும் குழந்தை, கரையிலிருந்து விசில் ஊதும் பெரியவருக்கு மசியாது. பதினேழு வயது அண்ணன் தன் முகத்தை முக்கிக் குமிழி விட்டுக் காட்டி, “இப்ப நீ விடு பார்ப்போம்” என்றால் மெல்லக் கம்பியை விடும்.

ஆனால் நீச்சல் சொல்லித்தருவது வேறு, உயிரைக் காப்பது வேறு. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. தலை பின்னால் சாய, வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழும் போய்வரும். பார்ப்பவருக்கு விளையாடுவதாகவே தோன்றும். ஒரு நிமிடத்துக்குள் அமிழ்ந்துவிடலாம். அதை இனம் காணப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். தூக்கியபின் மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்த வேண்டும். தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் பொன்னான நொடிகளைத் தின்றுவிடும்.

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 16 வயதிலேயே நீச்சல் பயிற்றுநராகச் சான்றிதழ் தருகிறது, உரிய பயிற்சியை முடித்த பிறகு. இங்கிலாந்திலும் 16 வயதில் உதவிப் பயிற்றுநர் ஆகலாம். மேலே தகுதி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். என் கணக்கில் இதுதான் சரி: தண்ணீருக்குள் அண்ணன், கரையில் கோச்.

பணம் கட்டுமுன் ஒரு பேட்ச் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். ஒருவர் பார்வையில் எத்தனை பிள்ளைகள்? கரையில் நிற்பவர் கையில் செல்போன் இருக்கிறதா? பயம் தெளியட்டும் என்று குழந்தையைத் தூக்கிப் போடுபவர் எவ்வளவு பெரிய கோச்சானாலும் வேண்டாம். முதலுதவிப் பயிற்சி எடுத்தவர் யார் என்று நேராகவே கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு குளம் பாருங்கள்.