மண்சுவர் தந்த மாண்பு

கட்டடக் கலை என்றதும் நமது கண்முன் நிற்பவை கோட்டைகள், கொத்தளங்கள், வானை முட்டும் மாடங்கள்! கட்டச் சொன்னவன் பெயர் கல்வெட்டில் இருக்கும். கல் சுமந்தவன் பெயர் இராது. அந்த ஏட்டைத் திருப்பிப் போட்ட ஒருவரைப் பற்றி இன்று எழுதுகிறோம்.

அவர் பிரான்சிஸ் கெரே. ஆப்பிரிக்காவில், புர்கினா பாசோ நாட்டில், காண்டோ என்ற சிற்றூரில் 1965-ல் பிறந்தவர். 1960 வரை பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் பிடியில் கிடந்த நாடு அது. ஊர்த் தலைவரின் மகன்தான். ஆனால் ஊரிலே பள்ளிக்கூடம் இல்லை! ஏழு வயதில் பெற்றோரைப் பிரிந்து வேற்றூர் சென்றுதான் எழுத்தறிய வேண்டியிருந்தது. காண்டோவிலிருந்து பள்ளிக்குப் போன முதல் பிள்ளை அவரே. போன இடத்திலோ காற்று நுழையாத, வெளிச்சம் எட்டாத சிமெண்ட் கட்டடம். நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள். உடலைப் பொசுக்கும் வெப்பம். படிப்பா அது? தண்டனை!

1985-ல் தச்சுத் தொழில் பயில உதவித் தொகை பெற்று பெர்லின் சென்றார். பகலில் உளி, இரவில் ஏடு. 1995-ல் அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தில் பயில உதவித் தொகை கிடைத்தது. கட்டடக் கலையில் பட்டம் பெற்றது 2004-ல். ஆனால் பட்டம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1998-ல் அறக்கட்டளை அமைத்து நிதி திரட்டினார். 2001-ல் காண்டோவில் பள்ளி எழுந்தது!

எதைக் கொண்டு? மண்ணைக் கொண்டு! ஊரார் முகம் வாடிற்று. மழைக்குக் கரையும் மண்ணைக் குழைக்கவா சீமைக்குப் போய்ப் படித்தார் என்ற ஐயம் அவர்களுக்கு. நியாயமான ஐயம்தான். அவர் அதட்டவில்லை; அலட்சியம் செய்யவில்லை. எடுத்துச் சொன்னார், செய்து காட்டினார்.

மண்ணுடன் சிறிது சிமெண்ட் கலந்து அழுத்திய கற்களால் சுவர். அதன்மேல் துளைகள் விட்ட கல் மச்சு. அதற்கும் மேலே, இடைவெளி விட்டு உயர்த்திய தகரக் கூரை. வகுப்பில் சூடேறிய காற்று துளைவழியே மேலேறி அந்த இடைவெளியால் வெளியேறும். சுவரைத் தாண்டி நீளும் தகரம் மழையைத் தடுக்கும். குளிர்சாதனப் பெட்டிக்கு அங்கே வேலையில்லை! பிள்ளைகள் அடித்தளத்துக்குக் கல் கொணர்ந்தனர். பெண்கள் மண்தரையைத் தட்டிச் சமன் செய்தனர். 120 பிள்ளைகளுடன் தொடங்கிய பள்ளி பின்னர் 700 பேர் பயிலுமளவு வளர்ந்தது. 2004-ல் ஆகா கான் விருது. 2022-ல், ஆப்பிரிக்கர் எவரும் அதுவரை பெறாத பிரிட்ஸ்கர் விருது!

"மண்ணால் பள்ளி கட்டினால் வறுமை ஒழிந்துவிடுமா?" என்று கேட்போர் உண்டு. ஒழியாது. ஊரார் உழைப்பைக் காட்டி, பள்ளி கட்டும் பொறுப்பிலிருந்து எந்த அரசும் நழுவிக்கொள்ளவும் கூடாது. அதை அழுத்தமாகவே சொல்லி வைக்கிறோம். ஆனால், ஏழைக்கு எது கட்டினாலும் போதும் என்ற எண்ணம் இருக்கிறதே, அது வறுமையினும் கொடியது! ஏழைக்குத் தேவை இரக்கத்தில் எழுப்பிய கொட்டகையல்ல. அவனைக் கலந்து, அவன் ஊர் வெயிலறிந்து, அவன் கைத்திறனை மதித்துக் கட்டிய கட்டடம். காண்டோவின் பள்ளி அதைத்தான் மெய்ப்பித்தது.

ஆகவே, ஆள்வோருக்கும் அவர்தம் பொறியாளர்களுக்கும் நாம் சொல்வது இதுதான்: வரைபடத்தை விரிக்குமுன், அதில் வாழப்போகிறவனை ஒரு வார்த்தை கேளுங்கள்!