தோற்றவருக்கே முதல் வாய்ப்பு

சந்தைப் போட்டியே முன்னேற்றத்துக்கு வழி என்று உலகுக்கு எடுத்துச்சொல்லிவரும் நாடு அமெரிக்கா. அந்த நாட்டில் மிக அதிகமாகப் பணம் புழங்கும் விளையாட்டு, வலிய அணிகளின் கையைக் கட்டி, எளிய அணிகளைத் தூக்கிவிடும் விதிகளின்மீது நிற்கிறது. என்எஃப்எல் எனப்படும் தேசியக் கால்பந்து லீக்கில் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்ட அணிக்கே அடுத்த ஆண்டு புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் உரிமை கிடைக்கிறது. டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் 2023ஆம் ஆண்டுப் போட்டிப் பருவம், இந்த ஏற்பாட்டால் எதைச் சாதிக்க முடியும், எதைச் சாதிக்க முடியாது என்பதைத் தெளிவாகக் காட்டியது.

அமெரிக்கக் கால்பந்து, உலகம் அறிந்த கால்பந்து அல்ல. ரக்பியின் வழிவந்த ஆட்டம். ஒரு நேரத்தில் அணிக்குப் 11 பேர் களத்தில் இருப்பார்கள். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அவற்றுக்குள் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள். மொத்தம் 32 அணிகள். ஒவ்வோர் அணியும் 18 வாரங்களில் 17 ஆட்டங்கள் ஆடும். அவற்றில் சிறந்த 14 அணிகள் ‘பிளேஆஃப்’ என்னும் வெளியேற்றும் சுற்றுக்குச் செல்லும். அங்கே ஒரு தோல்வியோடு பயணம் முடிந்துவிடும். கடைசியில் எஞ்சும் இரு அணிகள் ‘சூப்பர் பௌல்’ இறுதியாட்டத்தில் மோதும்.

சமநிலையின் மூன்று தூண்கள்

இந்த லீக் மூன்று ஏற்பாடுகளால் சமநிலையைப் பேணுகிறது. முதலாவது, வருவாய்ப் பகிர்வு. தொலைக்காட்சி நிறுவனங்களுடன் லீக் மொத்தமாக ஒப்பந்தம் செய்து, கிடைக்கும் தொகையை 32 அணிகளுக்கும் சரிசமமாகப் பிரிக்கிறது. இதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது 1961இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம். ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களே வாழும் கிரீன் பே நகரின் அணிக்கும், நியூயார்க் அணிகளுக்கும் கிடைக்கும் பங்கு ஒன்றுதான். 2023 பருவத்துக்காக ஒவ்வோர் அணிக்கும் கிடைத்த தேசியப் பங்கு 40 கோடி டாலருக்கும் சற்று அதிகம்.

இரண்டாவது, ஊதிய உச்சவரம்பு. 1994 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த விதியின்படி, எவ்வளவு பணக்கார உரிமையாளராக இருந்தாலும் வீரர்களின் ஊதியத்துக்குக் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் ஒதுக்க முடியாது. 2023இல் அந்த வரம்பு 22.48 கோடி டாலர். மூன்றாவது, ‘டிராஃப்ட்’ எனப்படும் புதுமுக வீரர் தேர்வு. கல்லூரி அணிகளிலிருந்து வரும் இளம் வீரர்களை, முந்தைய ஆண்டில் மிக மோசமாக ஆடிய அணி முதலிலும், சாம்பியன் அணி கடைசியிலும் தேர்ந்தெடுக்கும். இது 1936 முதல் தொடரும் வழக்கம். நம் வாசகர்கள் அறிந்த ஐபிஎல் ஏலத்திலும் அணிகளின் செலவுக்கு வரம்பு உண்டு. ஆனால் கடைசி இடத்தில் வந்த அணிக்கு அங்கே முன்னுரிமை இல்லை.

விதிகள் இருந்தும் வீழ்ந்த அணி

இந்த மூன்று பாதுகாப்புகளும் இருக்கும் லீக்கில் எந்த அணியும் நெடுங்காலம் அடித்தட்டில் கிடக்கக் கூடாது. ஆனால் டெட்ராய்ட் லயன்ஸ் கிடந்தது. அந்த அணி கடைசியாக லீக் பட்டம் வென்றது 1957இல். சூப்பர் பௌல் ஆட்டத்தில் அது ஒருமுறைகூட ஆடியதில்லை. 1992 ஜனவரியில் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தை வென்ற பிறகு, அடுத்து ஆடிய ஒன்பது பிளேஆஃப் ஆட்டங்களிலும் தோற்றது.

வீழ்ச்சியின் உச்சம் 2008. பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் நான்கிலும் வென்ற அணி, உண்மையான பருவத்தின் 16 ஆட்டங்களிலும் தோற்றது. ஒரு பருவத்துக்கு 16 ஆட்டங்கள் என்ற முறை வந்த பிறகு, ஒரு வெற்றியும் இல்லாமல் பருவத்தை முடித்த முதல் அணி அதுதான். நன்றி நவிலல் நாளன்று டெட்ராய்ட் ஆடுவது 1934இல் தொடங்கிய மரபு. நாடே விடுமுறையில் அமர்ந்து பார்க்கும் அந்த ஆட்டத்தில் அந்த ஆண்டு 47-10 என்ற கணக்கில் டென்னசி அணியிடம் வீழ்ந்தது.

வாய்ப்புகள் கிடைக்காமல் இந்த நிலை வரவில்லை. தொடர்ந்து தோற்ற அணி என்பதால் தேர்வு வரிசையில் முன்னணி இடங்கள் ஆண்டுதோறும் கிடைத்துவந்தன. 2003 முதல் 2007 வரையிலான ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை, கைக்குக் கிடைத்த முதல் தேர்வை, பந்தைப் பிடித்து ஓடும் ‘ரிசீவர்’ ஒருவருக்கே அணி நிர்வாகம் செலவிட்டது. அந்த நால்வரில் கால்வின் ஜான்சன் மட்டுமே காலத்தை வென்று நின்றார். பந்தை எறிபவரைக் காக்கும் அரணும், எதிரணியைத் தடுக்கும் வரிசையும் பலவீனமாகவே இருந்தன. வாய்ப்பைச் சமமாகப் பங்கிட விதியால் முடியும்; அதைப் பயன்படுத்தும் அறிவை விதியால் வழங்க முடியாது.

பொறுமை தந்த பலன்

2021 ஜனவரியில் பிராட் ஹோம்ஸ் பொது மேலாளராகவும், முன்னாள் வீரர் டான் கேம்பல் தலைமைப் பயிற்சியாளராகவும் பொறுப்பேற்றார்கள். அவர்களுடைய முதல் பெரிய முடிவு, 12 ஆண்டுகள் அணியைத் தாங்கிய மேத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்கு அனுப்பியது. அவர், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் ‘குவார்ட்டர்பேக்’. ஈடாக அந்த அணியின் குவார்ட்டர்பேக் ஜேரட் காஃபும், வரும் ஆண்டுகளுக்கான இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளும், ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வும் கிடைத்தன. ஸ்டாஃபோர்ட் போன முதல் ஆண்டிலேயே ராம்ஸ் அணிக்குச் சூப்பர் பௌலை வென்று கொடுத்தார். டெட்ராய்ட்டோ அந்தப் பருவத்தில் மூன்றே ஆட்டங்களை வென்றது.

இந்த முறை தேர்வுகள் வீணாகவில்லை. 2021இல் தடுப்பரண் வீரர் பெனே சூவல், நான்காம் சுற்றில் ரிசீவர் ஆமோன்-ரா செயின்ட் பிரவுன். 2022இல் மிச்சிகன் மண்ணின் மைந்தரான எய்டன் ஹட்சின்சன். 2023இல் ஜமீர் கிப்ஸ், சாம் லபோர்ட்டா, பிரையன் பிராஞ்ச் என்று அணியின் எலும்புக்கூடு ஒவ்வொன்றாகப் பொருத்தப்பட்டது.

ஆனாலும் 2022 பருவத்தின் முதல் ஏழு ஆட்டங்களில் ஆறில் அணி தோற்றது. பயிற்சியாளரை மாற்றுவதே இத்தகைய நேரங்களில் வழக்கம். உரிமையாளர் ஷீலா ஃபோர்டு ஹேம்ப் அவ்வாறு செய்யவில்லை. அந்த அக்டோபரில் செய்தியாளர்கள் முன் வந்து, கேம்பல்மீதும் ஹோம்ஸ்மீதும் தமக்குள்ள நம்பிக்கையை வெளிப்படையாகத் தெரிவித்தார். எஞ்சிய பத்து ஆட்டங்களில் எட்டை அணி வென்றது. 2008க்கும் 2023க்கும் இடையே லீக்கின் அடிப்படை விதிகள் மாறிவிடவில்லை. மாறியது, அவற்றைக் கையாண்டவர்களின் தேர்வும் பொறுமையும்தான்.

ஒரு பருவம், இரண்டு பாடங்கள்

2023 செப்டம்பர் 7 அன்று, நடப்பு சாம்பியனான கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியை அதன் சொந்த மைதானத்தில் 21-20 என்று வீழ்த்தி லயன்ஸ் பருவத்தைத் தொடங்கியது. 12 வெற்றி, 5 தோல்வியுடன் முடித்து, 1993க்குப் பிறகு முதல்முறையாகத் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. 2024 ஜனவரி 14 அன்று ஃபோர்டு ஃபீல்ட் மைதானத்துக்கு வந்த எதிரணி, அதே ஸ்டாஃபோர்டின் ராம்ஸ். 24-23 என்ற கணக்கில் டெட்ராய்ட் வென்றது. 32 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. அடுத்த வாரம் டாம்பா பே அணியையும் 31-23 என்று வென்றது.

சூப்பர் பௌலுக்கு இன்னும் ஒரே படி. ஜனவரி 28 அன்று சான் பிரான்சிஸ்கோ அணிக்கு எதிராக இடைவேளையின்போது 24-7 என்று முன்னிலை. ஆனால் இரண்டாம் பாதியில் ஆட்டம் கைநழுவி, 34-31 என்று தோல்வி. அந்தப் பாதியில் இரண்டு முறை, பந்தை உதைத்து மூன்று புள்ளி பெற முயலும் வாய்ப்பு இருந்தும், கேம்பல் நான்காவது முயற்சியில் துணிந்து முன்னேறப் பார்த்தார். இரண்டும் பலிக்கவில்லை. அணியை அந்த இடம்வரை கொண்டுவந்ததும் அதே துணிச்சல்தான் என்பதால் அவரைக் குறை சொல்வது எளிதல்ல. அடுத்த பருவத்தில் 15 வெற்றிகளுடன் தன் வரலாற்றிலேயே சிறந்த நிலையை எட்டிய அணி, முதல் பிளேஆஃப் ஆட்டத்திலேயே வாஷிங்டனிடம் தோற்றது. சமநிலையைக் காக்கும் லீக்கில் யாருக்கும் உச்சி நிரந்தரம் இல்லை.

அணிக்கு உண்டு, நகருக்கு?

லயன்ஸின் கதையை டெட்ராய்ட்டின் மறுமலர்ச்சியாகவே பல ஊடகங்கள் எழுதின. 2024 ஏப்ரலில் அந்நகரில் நடந்த வீரர் தேர்வு நிகழ்வுக்கு மூன்று நாள்களில் 7.75 லட்சம் பேர் வந்தார்கள். அது ஒரு சாதனை. 1957க்குப் பிறகு முதல்முறையாக 2023இல் நகரின் மக்கள்தொகை சற்றே உயர்ந்ததாக அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை மதிப்பிட்டதும் உண்மை. எனினும் அணியும் நகரும் மீண்ட விதம் ஒன்றல்ல.

1950இல் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த கார்த் தொழில் தலைநகரில் 2020இல் இருந்தவர்கள் 6.39 லட்சம் பேர். தொழிற்சாலைகளும் வசதியுள்ளவர்களும் புறநகர்களுக்குச் சென்றபோது, அவர்கள் செலுத்திய சொத்து வரியும் தனித்தனி உள்ளாட்சிகளாக இயங்கிய அந்தப் புறநகர்களுக்கே போனது. மாநில அரசு நகரங்களுடன் பகிர்ந்துவந்த வரி வருவாயும் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் குறைக்கப்பட்டது. 2013 ஜூலை 18 அன்று, சுமார் 1,800 கோடி டாலர் கடனுடன் டெட்ராய்ட் திவால் மனு அளித்தது. அமெரிக்க நகராட்சி வரலாற்றில் அதுவே மிகப் பெரியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் நகரம் மீண்டபோது, ஓய்வுபெற்ற பொது ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் வெட்டப்பட்டிருந்தது. விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்தும் ஏற்பாடும் நின்றுபோனது.

தோற்ற அணிக்குச் சம வருவாய் உண்டு, முதல் தேர்வு உண்டு, பணக்கார அணி விலைபேசி வீரர்களை அள்ளிச்செல்ல முடியாதபடி தடையும் உண்டு. தோற்ற நகருக்கு இவற்றில் எதுவும் இல்லை. ஃபோர்டு ஃபீல்ட் மைதானத்தைக் கட்டப் பொதுப் பணமும் உதவியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உதவி எந்தத் திசையில் எளிதாகப் பாய்கிறது என்பது புரியும்.

லீக்கின் சமத்துவத்தைப் புனிதமாக்கவும் வேண்டியதில்லை. முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற வணிகக் கணக்கே அதன் வேர். ஊதிய வரம்பு உரிமையாளர்களின் செலவையும் கட்டுப்படுத்துகிறது; டிராஃப்ட் முறையில், எந்த ஊரில் வேலை செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை இளம் வீரருக்கு இல்லை. கடைசி இடம் பிடித்தாலும் லீக்கிலிருந்து அணி வெளியேற்றப்படாது என்பதால், உரிமையாளருக்கு உண்மையான நஷ்டமும் இல்லை. சமத்துவம் அங்கே 32 அணிகளின் வேலிக்குள் மட்டுமே செல்லுபடியாகும்.

ஆயினும் அந்த வேலிக்குள் நடப்பது ஒன்றை நிரூபிக்கிறது. வருவாயைப் பகிர்வதும், வலியவருக்கு வரம்பு கட்டுவதும், வீழ்ந்தவருக்கு முன்னுரிமை தருவதும் போட்டியைக் கொல்வதில்லை. போட்டியை உயிரோடு வைத்திருக்கின்றன. நகரங்களுக்கும் பள்ளிகளுக்கும் அதே வழியைப் பரிந்துரைத்தால் போட்டி மனப்பான்மை கெட்டுவிடும் என்று வாதிடுவோர், ஞாயிற்றுக்கிழமைகளில் தாம் ரசித்துப் பார்க்கும் ஆட்டம் எந்த விதிகளால் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.