பயிரைக் காக்கும் பூஞ்சணம்

பூஞ்சணம் என்றதும் பழைய பாணும் ஈரச் சுவரும்தான் நம் நினைவுக்கு வரும். கெட்டுப்போன பொருளின் அடையாளமாகவே அதைப் பார்க்கிறோம். ஆனால் பூஞ்சணங்களில் பயிரை அழிப்பவையும் உண்டு, பயிரைக் காப்பவையும் உண்டு. அல்லாஹ் எதையும் வீணாகப் படைக்கவில்லை என்பதற்கு நம் வீட்டுத் தோட்டத்து மண்ணே சாட்சி.

இது தீவுப் பகுதிகளில் வாழ்வோருக்கு மிகவும் தேவையான செய்தியாகும். ஊர்காவற்றுறையிலிருந்து படகில் சென்றடையும் எழுவைதீவு போன்ற சிறு தீவுகளில் ஆறு கிடையாது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத் தங்குகிறது. அதுவே கிணற்றில் ஊறும் நன்னீர். சுண்ணக்கல் நிலத்தில் மேலே இடுவது எளிதில் கீழே இறங்கிவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார ஸ்தாபனம் குறித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பசளை இறங்கும் வழியில் நஞ்சும் இறங்கலாம் அல்லவா? கத்தரிக்குத் தெளித்தது நம் குழந்தையின் கோப்பைக்கும், அடுத்த வீட்டாரின் குடத்துக்கும் போய்ச் சேரக்கூடாது. தனக்கும் தீங்கில்லை, பிறருக்கும் தீங்கிழைத்தல் இல்லை என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த நெறி.

நாற்றுமேடையில் நேற்று நிமிர்ந்து நின்ற மிளகாய்க் கன்று இன்று அடி அழுகிச் சாய்ந்து கிடப்பதைச் சகோதரிகள் பலரும் கண்டிருப்பீர்கள். பிதியம், றைசொக்டோனியா போன்ற மண்ணில் வாழும் நோய்க்கிருமிகளின் வேலை அது. இவற்றுக்கு எதிரிதான் ட்ரைக்கோடேர்மா என்னும் பச்சை நிறப் பூஞ்சணம். 1932ஆம் ஆண்டில் வைன்ட்லிங் என்ற ஆய்வாளர், அது பிற பூஞ்சணங்களைப் பற்றி உண்பதை விளக்கி எழுதினார்.

அது விரைவாக வளர்ந்து வேரைச் சுற்றி இடம்பிடிக்கிறது. நோய்ப் பூஞ்சணத்தின் இழையைச் சுற்றிக்கொண்டு, நொதியங்களைச் சுரந்து அதன் சுவரைக் கரைக்கிறது. செடியின் எதிர்ப்புச் சக்தியையும் தூண்டுகிறது.

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதை முகப்பூச்சு மாவுக்குப் பயன்படும் டல்க் பொடியில் கலந்து பயன்படுத்தும் முறையைப் பரப்பியது. அதன் பரிந்துரை இதுதான்: ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து விதைக்கலாம். மண்ணில் இடுவதானால் ஹெக்டேயருக்கு இரண்டரைக் கிலோவை 50 கிலோ மக்கிய எருவுடன் கலக்க வேண்டும். நம் ஊர்க் கணக்கில் ஒரு பரப்புக்கு ஏறத்தாழ 60 கிராம் பொடியும் ஒன்றேகால் கிலோ எருவும் போதும்.

சில விடயங்களில் கவனம் தேவை. இது உயிருள்ள பொருள். வெயிலில் வைக்காதீர்கள். காலாவதித் திகதியைப் பார்த்து வாங்குங்கள். இரசாயனப் பங்கசு நாசினியுடன் கலந்தால் இது இறந்துவிடக்கூடும். மண்ணில் ஈரமும் எருவும் இல்லாவிட்டால் பயன் தராது. கலக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். உக்கிய மரத்தில் காணும் பச்சைப் பூஞ்சணத்தை எடுத்து வீட்டில் வளர்க்க முயலாதீர்கள். அது எந்த வகை என்று கண்ணால் அறிய முடியாது. கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ விசாரித்து வாங்குவதே முறை.

இது எல்லா நோய்க்கும் மருந்தன்று. இலைச்சுருளை உண்டாக்கும் வைரசை இது தடுக்காது. அழுகி விழுந்த கன்றை எழுப்பவும் செய்யாது. வருமுன் காப்பதே இதன் வேலை. 2021 மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளைக்கும் விவசாய இரசாயனங்களுக்கும் திடீரெனத் தடை வந்து, நவம்பரில் அது நீங்கியபோது கமக்காரர் பட்ட துன்பத்தை நாம் மறக்கவில்லை. மாற்று முறையை அவசரத்தில் பழக முடியாது. இவ்வருட மாரிக்கு ஒரு சிறு பாத்தியில் தொடங்குங்கள். பக்கத்திலேயே பொடி இடாத பாத்தி ஒன்றையும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. உண்பவருக்கும் அருகிருந்து நீர் குடிப்பவருக்கும் தீங்கு வராமல் அந்தத் தர்மத்தைச் செய்ய வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.