டெலிபோன் கம்பி ஆன்டெனா ஆவது எப்படி?

பகலில் ஒழுங்காக ஓடும் பிராட்பேண்ட், இரவானால் அறுந்து அறுந்து வருகிறதா? மோடத்தைக் குறை சொல்லும் முன் கம்பியைக் கவனியுங்கள்.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தொடங்கிய டேட்டாஒன் சேவை, ஏ.டி.எஸ்.எல்.2+ முறையில் செம்புக் கம்பி வழியே வீடுகளுக்கு வந்தது. இதில் டவுன்லோடு சிக்னல் 138 முதல் 2208 கிலோ ஹெர்ட்ஸ் வரை பரவுகிறது. மீடியம் வேவ் ரேடியோவின் இடம் 531 முதல் 1602 வரை. அதாவது ரேடியோ முழுவதும் பிராட்பேண்டுக்குள் அடக்கம்! சிக்னல் 4.3125 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் சிறு பாதைகளாகப் பிரிக்கப்படுகிறது. சென்னை வானொலியின் 720 கிலோ ஹெர்ட்ஸ், 167-வது பாதையில் விழுகிறது. இரைச்சல் உள்ள பாதையில் மோடம் குறைவான பிட்களையே ஏற்றும்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஜோடியின் இரு கம்பிகளிலும் மின்னோட்டம் சமமாக, எதிர் எதிர் திசையில் ஓடினால் வெளியே கசிவது மிகக் குறைவு. 1881-ல் கிரஹாம் பெல் கம்பிகளை முறுக்கிக் காப்புரிமை பெற்றதும் இதற்காகத்தான். ஆனால் நூறு சதவீதச் சமநிலை கிடையாது. சமநிலை 50 டெசிபல் என்றால் சிக்னலில் சுமார் 316-ல் ஒரு பங்கு மின்னழுத்தம் இரு கம்பிகளிலும் ஒரே திசையில் சேர்கிறது. இந்தப் பங்குதான் கம்பியை ஆன்டெனா ஆக்குகிறது. சமநிலை 30 டெசிபலாகக் குறைந்தால் பங்கு 32-ல் ஒன்று. பத்து மடங்கு அதிகம்.

வெளியே அனுப்பும் கம்பி, வெளியிலிருந்து வாங்கவும் செய்யும். இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் தொலைதூர நிலையங்கள் மீடியம் வேவில் கூடுவதால், இணைப்பு அப்போதுதான் தடுமாறும்.

சமநிலை கெடுவது எங்கே? ஒரு கம்பியின் இணைப்பு மட்டும் பச்சை பிடித்தாலே போதும். திருப்போரூர், கோவளம், மாமல்லபுரம் போன்ற உப்புக் காற்று வீசும் ஊர்களில் இதில் கூடுதல் கவனம் தேவை.

நீங்களே சோதிக்கலாம்

பேட்டரி டிரான்சிஸ்டரை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, கம்பி அருகே கொண்டு செல்லுங்கள். மோடத்தின் மின்சாரத்தை நிறுத்தாமல் டெலிபோன் வயரை மட்டும் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் கசிவு கம்பியில். தொடர்ந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள்.

செய்ய வேண்டியவை:

* வீட்டுக்குள் தட்டையான வயருக்குப் பதில் முறுக்கிய ஜோடிக் கேபிள் போடுங்கள்.
* பச்சை பிடித்த முனைகளை வெட்டிப் புதிதாக இணையுங்கள்.
* பயன்படாத எக்ஸ்டென்ஷன்களைக் கழற்றுங்கள்.

ஃபைபருக்கு மாறியவர்களுக்குத் தெருவில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ரூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் லேன் கேபிளும் முறுக்கிய செம்புதான். கனெக்டர் மாட்டும்போது முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்காதீர்கள்.